ஒரு தட்டு என்றால் விடு

டார்ச்சை அணைத்துவிடுங்கள், பேட்டரி வீணாகப் போகிறது. கதவோரம் உட்கார்ந்திருப்பவர் மட்டும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளட்டும். ஏன் என்று இப்போது கேட்கக் கூடாது.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்... எவ்வளவு ஆழம் என்று பகலில்கூட யாரும் எட்டிப் பார்க்காத பள்ளம். அந்தப் பாதையில் ஒரே ஒரு ஜீப் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் என் நண்பனின் அத்தான். பக்கத்து சீட்டில் அவனுடைய அக்கா. எனக்கும் அவர்கள் அத்தான், அக்காதான். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அக்காவிடம் மாட்டாமல் தப்பித்திருப்பார்.

அந்த ஜீப் அத்தானைவிட மூத்தது. அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கிற வீடுகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போவதுதான் அவர்கள் பிழைப்பு. கொஞ்ச நாளாக அதற்கு ஒரு சீக்கு. கிளட்சை விட்டால் அடியில் 'டக்'. ஓடும்போது 'கீச்... கீச்...' என்று எலிக்குஞ்சு மாதிரி ஒரு முனகல். அடிவாரத்து மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்கத்து ஷாஃப்ட் போய்விட்டது என்றார். என்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய்தான் ஷாஃப்ட்.

"கிரீஸ் வைங்க, கிரீஸ் வைங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்" என்றார் மெக்கானிக். அத்தான் காதில் விழாதது போல் வானத்தைப் பார்த்தார். தலைக்கு எண்ணெய் வைப்பதையே தள்ளிப்போடுகிற மனிதர் அவர்.

அவ்வளவு பழைய வண்டிக்குப் புது ஷாஃப்ட் எங்கே கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. இதே மாதிரி ஜீப், இதே நீளம், துரு கூட இல்லை. "இதுல ஒரு குறையும் கிடையாது. வண்டி வச்சிருந்த ஆளுங்கதான் இல்ல" என்றார் கடைக்காரர். அக்கா விடவில்லை. என்ன ஆனது என்று கேட்டாள். கடைக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "புருஷன் கீழ படுத்து வேலை பாத்துட்டு இருந்தாரு. பொண்டாட்டி மேல சீட்ல. வண்டி உருண்டுருச்சு... அந்தம்மாவும் அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கல" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட்பிரேக் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் கீழே ஒருவர் கழற்றும்போது மேலே ஒருவர் உட்கார்ந்து கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, மேலே மாட்டியிருக்கிற போல்ட் கைக்கு எட்டாது. வண்டியை ஒரு சாண் நகரவிட்டு ஷாஃப்டைச் சுற்ற வைத்தால்தான் அது கீழே வரும். அத்தான் எப்போதும் கீழே, அக்கா எப்போதும் மேலே. ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் பிரேக்கை விடு. இரண்டு தட்டு என்றால் மிதி. அவர்கள் இருவரும் சண்டை போடாமல் பேசுகிற ஒரே பேச்சு அதுதான் என்பான் நண்பன்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் கடை வாசலிலேயே மாட்டினார்கள். பழைய ஷாஃப்டைக் கழற்றுமுன் அது வண்டியோடு சேரும் இடத்தில் அத்தான் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தார். எப்படி இருந்ததோ அப்படியே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உதறும். கடையில் வாங்கிய ஷாஃப்டிலும் யாரோ ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். தூக்கி வைத்துப் பார்த்தால்... இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று நேராக நின்றன. வேறு வண்டியின் ஷாஃப்ட் அது. அத்தான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

குழந்தையை மேலே பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதனால் ராத்திரியானாலும் கிளம்பிவிட்டார்கள்.

பாதி ஏற்றத்தில் அடியில் ஒரு சத்தம்.

டொக்.

ஒரே ஒரு தட்டு. கல் தெறித்தால் இப்படிக் கேட்காது. இரும்பில் இரும்பு. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி... டொக். போல்ட் தளர்ந்திருக்கும் என்று அத்தான் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார். அக்கா சீட் மாறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டாள். என்ஜினை அணைத்ததும் அந்த இடம் அப்படியே அடங்கிப்போனது. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

அத்தான் டார்ச்சோடு கீழே நுழைந்தார். கருகிய கிரீஸ் வாடை. அதோடு இன்னொன்று... பல் ஆடி ரத்தம் வரும்போது நாக்கில் தெரியுமே, அந்த வாடை. போல்ட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. அப்போது மேலேயிருந்து அக்கா கேட்டாள்.

"இப்ப எதுக்குங்க விடச் சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்?"

"ஒரு தட்டு தட்டினீங்களே."

ஸ்பேனர் அத்தானின் பாக்கெட்டில் இருந்தது. அவர் அதை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை. தவழ்ந்து வெளியே வந்தார். அவர் பயந்தார். இதை அவரே என் நண்பனிடம் ஒளிக்காமல் சொன்னார்.

அந்த ஷாஃப்டோடு ஒரு அடிகூடப் போவதில்லை என்று முடிவு செய்தார். ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு வேறொரு ஷாஃப்ட் உண்டு. பின்னால் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டால் முன்சக்கர இழுவையிலேயே தவழ்ந்தாவது வீடு போய்ச் சேரலாம். ஆனால் அதைக் கழற்ற அதன் அடியில்தானே போய்ப் படுக்க வேண்டும். அந்தச் சரிவில் கற்களை மட்டும் நம்ப முடியாது. வண்டி பின்னால் உருண்டால் முன்சக்கரம் நேராக அவர் வயிற்றின் மேல் ஏறும். அவர் உயிர் அக்காவின் ஒரு காலில் இருந்தது.

"தட்டுற சத்தத்துக்கு நீ காலை எடுக்காத. நான் வாயால கூப்பிட்டாதான் எடுக்கணும்" என்றார்.

"அப்படியும் வேற யாராவது கூப்பிட்டா?"

"உன்னை நான் மட்டும் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவேன்ல. அதச் சொல்றேன்."

அந்தப் பேர் என்னவென்று நானும் கேட்டுப் பார்த்தேன். நண்பனுக்கே தெரியாதாம். உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது. வியர்வை கண்ணில் வழிந்தது. அக்கா மேலே எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், தான் இருப்பது அவருக்குத் தெரியட்டும் என்று. கடைசி போல்ட் மேலே போய் உட்கார்ந்திருந்தது. வண்டி ஒரு சாண் நகர வேண்டும். அத்தான் ஏற்கெனவே கற்களை ஒரு சாண் தள்ளித்தான் வைத்திருந்தார். வயிற்றை எக்கி உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்தார். டார்ச் அவர் பற்களுக்கு நடுவில் இருந்தது.

அப்போது அந்தப் பேர் கேட்டது.

அவர் குரல். அவர் எப்படிக் கொஞ்சிக் கூப்பிடுவாரோ அதே இழுப்பு. அவர் காதுக்குப் பக்கத்தில், ஷாஃப்டுக்கு அந்தப் புறத்திலிருந்து... யாரோ மல்லாந்து படுத்துக்கொண்டு கூப்பிட்டது மாதிரி.

மேலே அக்கா சொன்னாள். "சரிங்க."

அத்தானால் கத்த முடியவில்லை. தாடை இறுகிப் போயிருந்தது. மேலே சீட் 'கிரீச்' என்றது. கண்ணை மூடிக்கொண்டார். குழந்தையின் முகம்தான் வந்ததாம்... சக்கரம் இதோ ஏறும், இதோ ஏறும் என்று கிடந்தார்.

ஏறவில்லை.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. முதுகுச் சட்டை முழுதும் கிழிந்திருந்தது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க கூப்பிட்டதும் காலை எடுத்தேங்க. எடுக்கவே முடியல. என் கால் மேல யாரோ காலை வச்சு அழுத்துறாங்க."

அத்தான் டார்ச்சை அடித்தார். பெடல் மேல் அக்காவின் கால் மட்டும்தான் இருந்தது. ஆனால் பாதத்தின் மேல்தோலில் ஐந்து கால்விரல் அழுந்திய பள்ளம். சின்ன விரல்கள், ஒரு பெண்ணுடையது போல. அத்தான் வண்டியை விட்டு முழுதாக விலகி வந்து நின்ற பிறகுதான் அந்தப் பாரம் இறங்கியதாம்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, நாலு சக்கரத்துக்கும் கல்லை இடித்து வைத்துவிட்டு, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் அடிவாரத்து மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். இவர்கள் நடந்து இறங்கி வருவதற்குள் அவர் கீழேயிருந்து வந்து சேர்ந்துவிட்டார். பேய் பிசாசெல்லாம் நம்பாத மனிதர். இவர்கள் வளைவு திரும்பியபோது அவருடைய கால் இரண்டும் ஜீப்பின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

அத்தான் ஓடினார். கற்களைச் சக்கரங்களுக்குப் பின்னால் காணவில்லை. நான்கும் பாதையோரத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எட்டி உள்ளே பார்த்தார். ஹேண்ட்பிரேக் விடுபட்டுக் கிடந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. அந்தச் செங்குத்து ஏற்றத்தில் வண்டி அசையாமல் நின்றது.

சீட்டில் யாரும் இல்லை. பிரேக் பெடல் மட்டும் அடிவரை அழுந்தியிருந்தது.

கீழேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

"யாருங்க தட்டுறது?" என்றார் மெக்கானிக், அடியில் படுத்தபடியே.

பெடல் அசையவில்லை.