மூன்றாவது சோடித் தந்தி

"நீங்கள் திருத்தினதாலதான் அப்பா பிழையாப் போச்சு."

வுப்பர்டால் நகரத்தின் தொங்கு ரயிலில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் இருந்த தகப்பனிடம் சொன்னாள். அவள் மடியில் லூட் இருந்தது. கிட்டாரைப் போன்ற, சோடிசோடியாகத் தந்தி கட்டிய பழைய வாத்தியம். அரை மணித்தியாலத்தில் இசைக் கல்லூரியில் அவளுக்கு நுழைவுத் தேர்வு என்பது பேச்சில் தெரிந்தது.

"காலமை கிட்டாரில மாதிரி சி கோட் பிடிச்சுப் பாத்தன் பிள்ளை. மூண்டாவது சோடி இறங்கிக் கிடந்துது. அரைச் சுருதி ஏத்திவிட்டன்."

"லூட்டுக்கு அது இறங்கித்தான் இருக்கோணும். இது நீங்கள் சேர்ச்சில வாசிக்கிற கிட்டார் இல்லை."

"இப்ப இறக்கினாச் சரிதானே?"

"இறக்கினாலும் நிக்காதப்பா. மெல்ல மெல்ல ஏறும். சோதினை வைக்கிறவைக்கு முன்னால வாசிக்கேக்க மாறும்."

அவள் முறுக்காணியைத் திருகினாள், தந்தியைத் தட்டிக் கேட்டாள், மறுபடி திருகினாள்.

"நான் இப்பிடியே வீட்டை போறன். நீ போ," என்றார் தகப்பன்.

என் மகளும் இப்படியொரு தேர்வுக்குப் போனாள். வேலை இருக்கிறது என்று அவளிடம் பொய் சொன்னேன். பாட்டுப் படிக்கப் போகிறாளே என்ற எரிச்சலில் வீட்டில்தான் இருந்தேன். அவள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள்.

ரயில் நின்றது. அந்தப் பெண் எழுந்தாள்.

"வாங்கோ அப்பா. உள்ள போகுமட்டும் சுருதி பாக்கோணும், லூட் பெட்டியை ஆர் பிடிக்கிறது?"

"இவ்வளவு செய்த பிறகும் நானோ?"

"ஓம், நீங்கள்தான். ஆணியில மட்டும் கை வைக்காதேங்கோ."