பெயிண்டுக்கு அடியில்

— இந்த ஏழாம் நம்பர் ஹைட்ராலிக் சிலிண்டர் எந்தக் கிரேன்ல இருந்து வந்துச்சு, சொல்லுங்க டாக்டர்.

— கேளும்மா, இந்திரா. சேர்ந்த அன்னிக்கே சொன்னேன். இந்த லேப்புக்கு வர்ற சாமானுக்கு நம்பர்தான். ஊர், பேரு கேக்கவே கூடாது.

— சொன்னீங்க. இப்ப கேக்குறேன்.

— கஸ்டமர் பெயிண்ட் அடிச்சு, அடையாளத்த மறைச்சு அனுப்புறான்னா காரணம் இருக்கும் லா. படம் நல்லா வந்திருக்கு. மேல ரெண்டு கோடு கறையாட்டம் விழுந்திருக்கு, அத மட்டும் திரும்ப எடு.

— கறைய விடுங்க. எக்ஸ்ரேன்னா இரும்புதான் தெரிஞ்சிருக்கும், நல்லா இருக்குன்னு திருப்பி அனுப்பியிருப்போம். நியூட்ரான் இரும்பத் தாண்டிப் போயி உள்ள இருக்கிற ரப்பரக் காட்டிடுச்சு. எண்ணெயக் கசியாமப் பிடிச்சு வைக்கிற சீல், பாதி கிழிஞ்சு கிடக்கு. பாரத்தோட நிக்கிறப்ப மீதியும் போனா கிரேன் கை அப்படியே கீழ வரும்.

— அதான் கழட்டி அனுப்பிட்டாங்களே.

— இதுக்கு ஜோடி ஒண்ணு இருக்குமே. அதே வயசு, அதே ரப்பர்.

— அது ஓடுது. கழட்டின பக்கம் வேற ஒண்ண மாட்டிட்டாங்க. கப்பல் காத்துக்கிட்டு நிக்குதாம்.

— அப்ப எந்தக் கிரேன்னு உங்களுக்குத் தெரியும்.

— கேளும்மா. ரிப்போர்ட் திங்கக்கிழமை முறையா போகும். வெளியாள் குடுத்த முதல் வேலை இது. வாய விட்டோம்னா அடுத்தவன் வரமாட்டான், இந்த நியூட்ரான் ரூமையே பூட்டிடுவாங்க.

— இன்னிக்கு வியாழன். திங்கள் வரைக்கும் அதுக்குக் கீழ நிக்கிறவன் என்ன பண்ணுவான்?

— உங்க குடும்பத்துலயே முதல் டிகிரி உன்னோடது. நான் பேசித்தான் உள்ள எடுத்தாங்க. படத்த வெளிய கொண்டு போனா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல.

— படம் உங்க மேசையில இருக்கு. பக்கத்துலயே என் பேட்ஜும் இருக்கு.

— உக்காரு. எங்க போறே?

— போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு.

— அங்க எத்தன கிரேன் நிக்குது தெரியுமா? எதுன்னு தெரியாம யார்கிட்ட போயி நிப்பே?

— தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன். நீங்க கறைன்னீங்களே, அது சந்தனம். ஆயுத பூஜைக்குப் போட்ட பட்டை. அது மேலயே பெயிண்ட் அடிச்சிருக்காங்க, ஆனா ரப்பர் மாதிரி அதுவும் நியூட்ரான்ல விழுந்திடுச்சு.

— பட்டை எல்லாக் கிரேனுக்கும்தானே போடுறாங்க?

— மூணு விரலால போடுவாங்க டாக்டர். இதுல நடுக்கோடு இல்ல. அந்தக் கிரேன ஓட்டுற எங்கப்பாவுக்கு நடுவிரல் இல்ல. வரேன்.