ஏழாம் நம்பர்

இல்லை அன்ரி, இந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் பேச எங்கட வீட்டுக்கு வரவேண்டாம். அதில்லை, அப்பாவும் அம்மாவும் வீட்டிலதான் நிப்பினம். நல்ல நாள் எண்டு நீங்கள் சொன்னதும் கேட்டது. அந்தச் சாதகத்தை முதல்ல கைப்பைக்குள்ள வையுங்கோ, ஆஸ்பத்திரிக் கன்ரீன் மேசை, ஒரே பிசுபிசுப்பு. என்னது, மாமியோ? ஐயோ, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அன்ரி எண்டே இருக்கட்டுமே.

ஓம், நான் வெக்கக்காரிதான். ரெலிபோன் மணி அடிச்சாலே குசினிக்குள்ள போய் ஒளிச்சுக்கொள்ளுற ஆள் நான். ஆனா இது வெக்கம் இல்லை. உங்களோட ஒரு கதை கதைக்கவேணும். உங்கட நித்தி உள்ளுக்குப் போய் இப்பதான் பத்து நிமிசம். வியாழக்கிழமையில முழங்காலுக்கு ஒரு மணித்தியாலம் பயிற்சி குடுப்பினம். நாங்கள் ஆறுதலாக் கதைக்கலாம்.

நீங்கள் போன கிழமை அவற்ர அக்காவிட்டை என்னைப் பற்றிச் சொன்னது என்ர காதில விழுந்தது. ஆறு மாதமா ஒரு நாள் விடாமல் றெயினேறி வந்து பாத்த பிள்ளை, சொந்தத்துக்குள்ளயும் இப்பிடி ஒருத்தி கிடைக்கமாட்டாள் எண்டு சொன்னனீங்கள். அண்டைக்கு இராத்திரி எனக்குச் சோறு இறங்கேல்லை அன்ரி. சந்தோசத்தில எண்டு நினைக்காதேங்கோ.

பேந்து அக்கா கேட்டவ, மணவறையில தம்பி எப்பிடிச் சப்பாணி கட்டி இருக்கப்போறான், முழங்கால் மடியாதே எண்டு. அதுக்கென்ன, கதிரை போட்டாப் போச்சு எண்டனீங்கள். கதிரை போடலாம். ஆனா சர்வேயருக்குப் படிச்ச மனிசன், மலையிலயும் காட்டிலயும் ஏறி இறங்கி அளக்கிற வேலை கையில வந்து நிண்டது, அதுக்கு எந்தக் கதிரையைப் போடுறது?

இல்லை, நான் அழேல்லை. இந்தாங்கோ, தேத்தண்ணி. சாயம் காணாது, இவை இப்பிடித்தான் போடுவினம்.

நான் முதலில இருந்து சொல்லுறன். அந்த விளையாட்டைப் பற்றி ஆரும் உங்களுக்கு ஒழுங்காச் சொல்லேல்லை. பொம்பிளைப் பிள்ளையளின்ர விளையாட்டை விளையாடப் போய் ஏன் காலை முறிச்சவன் எண்டு ஊரில இருந்து வந்த அண்டே கேட்டனீங்கள், வார்ட் நேர்ஸுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறம் எண்டு விளங்கேல்லை. நீங்கள் சொல்லுறது வலைப்பந்து. இது கூடைப்பந்து. இதில பந்தோட ஓடலாம், இடிபடலாம், ஆனா ஆளை ஆள் அடிக்கவோ தள்ளவோ கூடாது. தள்ளினா றெஃபறி விசில் அடிப்பார். அதுக்குப் பேர் ஃபௌல்.

கொலிஜ் ஆம்பிளையள் ரீமில பத்துப் பேர். ஒன்பது பேர் ஆறடிக்கு மேல. நித்தி ஐஞ்சடி ஏழு. அந்த நெட்டையங்களின்ர கக்கத்துக்குக் கீழால பூந்து போவார் அன்ரி, அவங்கள் குனிஞ்சு தேடுறதுக்குள்ள பந்து கூடைக்குள்ள கிடக்கும். அவற்ர நம்பர் ஏழு. பேர் வாயில வராமல் வெள்ளைக்காரர் நிட்டி, நிட்டி எண்டு கத்துவினம்.

நானோ? நான் எங்க விளையாடுறது! லைபிறறியில இருந்த என்னைத்தான் கோச் வந்து கேட்டவர். கணக்குப் படிக்கிற பிள்ளை, எழுத்தும் வடிவு, மேசையில இருந்து ஸ்கோர் எழுதுவியோ எண்டு. இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை, அதால ஓம் எண்டனான். அப்பா சம்மதிச்சதுக்குக் காரணம் உங்கட மகன்தான். எங்கட பெடியன் ஒருத்தன் ரீமில இருக்கிறான், மச் முடிய டண்டினொங் ஸ்ரேசன்வரைக்கும் றெயினில கூட்டிக்கொண்டு வந்து விடுவான் எண்டார்.

அப்பிடித்தான் கதைக்கத் தொடங்கினது. கதை எண்டு பெரிசா இல்லை. றெயினில ஏறினவுடனை எங்க, வாசியும் எண்டுவார். நான் ஸ்கோர் எழுதின கொப்பியைத் திறந்து வாசிப்பன். பதினாலு தரம் எறிஞ்சனீங்கள், நாலுதான் விழுந்தது. ரெண்டு தரம் பந்தைப் பறிகுடுத்தனீங்கள். மூண்டு ஃபௌல். முகத்துக்காக ஒண்டும் குறைச்சுச் சொல்லமாட்டன். அவர் ஜன்னலைப் பாத்துக்கொண்டு கேப்பார். பேந்து சொல்லுவார், எல்லாரும் முதுகில தட்டி நல்லா விளையாடினனீ எண்டு சொல்லுறாங்கள், நீர் ஒராள்தான் உண்மையைச் சொல்லுறீர் எண்டு. ஓக்லி ஸ்ரேசன் கழிஞ்சிருக்கும் அப்ப. அந்தச் சொல்லை நான் எத்தினை நாள் வைச்சு வைச்சு நினைச்சுப் பாத்தனான் தெரியுமே.

முதல் ஐஞ்சு மச்சும் தோல்வி. இஞ்ச ஜூன் மாதம்தான் குளிர்காலம், அந்தத் தகர ஹோலுக்குள்ள நான் கையுறையோட எழுதுவன். ஆறாவதில வெண்டம். பேந்து நிக்கேல்லை. செப்ரெம்பரில பாத்தால் கடைசி இடத்தில கிடந்த ரீம் ஃபைனலில நிக்குது. கொலிஜில நித்தியைத் தெரியாத ஆளில்லை. வந்த புதுசில கொலிஜ் கன்ரீனில தனிய இருந்து சாப்பிட்ட மனிசன் அன்ரி. உங்களுக்கு அதை எழுதியிருக்கமாட்டார். ஒரு வருசம் தனிய இருந்து சாப்பிட்டவர்.

இப்ப கவனமாக் கேளுங்கோ, இதுதான் முக்கியம். ஒராள் ஐஞ்சு ஃபௌல் செய்தால் ஆள் வெளியில. பிறகு அண்டைக்கு விளையாட ஏலாது, கரையில கிடக்கிற வாங்கில போய்க் குந்தவேண்டியதுதான். ஆருக்கு எத்தினை எண்டு றெஃபறி எண்ணுறதில்லை. விளையாடுறவைக்கும் அந்த வேகத்தில எண்ணிக்கை பிடிபடாது. எண்ணுறது மேசை. நான் பேருக்கு நேர எழுதிப்போட்டு, ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போட்ட மட்டையைத் தூக்கிக் காட்டவேணும். ஐஞ்சாவது மட்டை சிவப்பு. அதைத் தூக்கினால் கோச் ஆளை மாத்துவார். பக்கத்தில மற்ற ரீமுக்கு எழுதுறதுக்கு ஒரு பிள்ளை இருக்கும். அண்டைக்கு ஜூடி எண்டு ஒருத்தி. ரெண்டு பேற்ர கொப்பியும் ஒண்டுபோல இருக்கவேணும்.

ஃபைனலில நித்திக்கு அரைவாசி நேரத்துக்குள்ளயே மூண்டு ஃபௌல். பேந்து நாலு. நாலாவது மட்டையையும் நான்தான் தூக்கினனான். கோச் அவரைக் கொஞ்ச நேரம் இருத்தி வைச்சிட்டு, கடைசி எட்டு நிமிசத்துக்குத் திரும்ப இறக்கினவர். நாங்கள் ஒன்பது புள்ளி பின்னுக்கு. நித்தி இறங்கினார், ஒன்பது ஏழாச்சு, நாலாச்சு, ரெண்டாச்சு. சனம் கதிரையில ஏறி நிக்குது. நிட்டி, நிட்டி எண்டு கூரை கிழியுது. கொலிஜ் கன்ரீனில அவரைக் கண்டால் கதிரையை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போன அதே ஆக்கள்.

மூண்டு நிமிசம் கிடக்கேக்க கூடைக்குக் கீழ ஒரு குவியல். நாலைஞ்சு பேர் ஒண்டா விழுந்தாங்கள். விசில். றெஃபறி மேசையைப் பாத்து விரலைக் காட்டினார். ஐஞ்சு விரல், பேந்து ரெண்டு விரல். ஏழு. சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை. காட்டினவுடனை அவர் திரும்பி மற்றவங்களை விலக்கப் போயிட்டார். எங்கட கோச்சுக்கு விளங்கியிருக்கவேணும், எழும்பி நிண்டு வேற பெடியனுக்கு மேற்சட்டையைக் கழட்டு எண்டு கையைக் காட்டினார். ஜூடி அந்த நேரம் தவறி விழுந்த பென்சிலைக் கீழ தேடிக்கொண்டு இருந்தவள். நிமிந்து என்னைக் கேட்டாள், ஆர் எண்டு.

பொறுங்கோ அன்ரி, சொல்லுறன்.

நித்தி அண்டைக்கு முடியுமட்டும் விளையாடினவர். உங்களுக்குத் தெரியும்தானே. கடைசி நிமிசத்தில மற்ற ரீமில இருந்த அந்தக் கொலின் எண்ட பெடியனும் இவரும் ஒண்டாப் பந்துக்குப் பாஞ்சவை. கொலினின்ர சப்பாத்துக்கு மேல இவற்ர கால் இறங்கி, முழங்கால் மற்றப் பக்கம் திரும்பி, அப்பிடியே கொண்டுபோய்ச் சுவரில அடிச்சது. அந்தச் சத்தம் மேசைவரைக்கும் கேட்டது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், பேந்து மிச்ச நாப்பது செக்கனையும் விளையாடினவங்கள். நாங்கள் ஒரு புள்ளியால வெண்டம். கப் கொலிஜ் வாசலில கண்ணாடி அலுமாரிக்குள்ள இருக்கு.

நீங்கள் அந்தக் கொலினைத் திட்டுறீங்கள். போன மாதம் அவன் பூவோட வந்து நிக்க, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தனீங்கள். அவன் வெளி வாசலில நிண்டு அழுதவன், நான் பாத்தனான். அவன் ஒண்டும் செய்யேல்லை அன்ரி. கோயில் இல்லாத ஊரில, குசினிக்குள்ள கலண்டர்ப் படத்துக்கு முன்னால எள்ளெண்ணெய் எரிச்சுச் சனிக்கிழமை முழுக்கப் பட்டினி கிடக்கிறீங்கள். ஏழரைச் சனி எண்டு சாத்திரியார் எழுதினவராம். உங்கட விரதத்தை என்னால பாத்துக்கொண்டு இருக்க ஏலாது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மூண்டாம் நாள், முதல் ஒப்பறேசன் முடிஞ்சு கண் முழிச்சவர், என்னைத்தான் முதலில பாத்தவர். கமலினி, எனக்கு எத்தினை ஃபௌல் எண்டு கேட்டவர். நாலோ ஐஞ்சோ, எனக்கென்னவோ ஐஞ்சு மாதிரிக் கிடந்தது எண்டார். நான் நாலு எண்டனான். அப்ப சரி எண்டு கண்ணை மூடினவர். நான் சொன்னா அவருக்கு அவ்வளவுதான், பிறகு கேள்வி இல்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும், இண்டைக்குச் சொல்லிப்போடவேணும் எண்டுதான் றெயினில ஏறுவன். வந்து சூப்பை ஊத்திக் குடுப்பன், பேப்பர் வாசிச்சுக் காட்டுவன், அவர் சிரிப்பார், நான் போட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டிடுவன். நீங்கள் இந்தப் பிள்ளையின்ர பொறுமையைப் பாருங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறியள்.

ஓம் அன்ரி. ஓம். ஐஞ்சு. அது ஐஞ்சாவதுதான். மூண்டு நிமிசம் கிடக்கேக்க அவர் வாங்கில போய் இருந்திருக்கவேணும், முழங்காலில துவாயைப் போட்டுக்கொண்டு. அந்தக் கடைசி நிமிசத்தில கூடைக்குக் கீழ பாய்ஞ்சிருக்க வேண்டியது வேற ஆள்.

இல்லை, வெல்லவேணும் எண்டில்லை. எனக்கு வெற்றியும் ஒண்டுதான், தோல்வியும் ஒண்டுதான். அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு அந்த வாங்குக்கு நடக்கிறதைப் பாக்க மனம் வரேல்லை. சனமெல்லாம் அவற்ர பேரைக் கூப்பிடுது. இன்னும் மூண்டு நிமிசம் அப்பிடியே இருக்கட்டும் எண்டு நினைச்சனான். மூண்டு நிமிசம்தானே எண்டு.

ஜூடிக்கோ? நைன் எண்டு சொன்னனான். ஒன்பது, எங்கட ரீமில பீற்றர். அவனுக்கு அது ரெண்டாவது. நானே ரெண்டாம் மட்டையை எடுத்து நல்லா உயத்திக் காட்டினனான். கோச் அதைப் பாத்திட்டுத் திரும்ப இருந்தவர், மேற்சட்டையைக் கழட்டின பெடியனும் இருந்தவன். ஜூடியும் அப்பிடியே எழுதினவள்.

இல்லை அன்ரி, எனக்காகக் காரணம் தேடாதேங்கோ. நீங்கள் நல்ல மனிசி, அதால சொல்லுறீங்கள். அந்தக் குவியலுக்குள்ள ஆள் மாறித் தெரியேல்லை, பிழையாவும் விளங்கேல்லை. பீற்றர் அந்த நேரம் மற்றக் கரையில, தனிய, குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு நிண்டவன். அவனைப் பாத்துக்கொண்டுதான் சொன்னனான்.