சுஜீதன் ஒரு பாரிடோன்

குளிர்ந்த தண்ணீர் வேண்டாம்; இளஞ்சூடாக இருந்தால் தாருங்கள். பாட்டுக்காரருக்கு அது பழக்கம். மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டதால் தமிழிலேயே சொல்கிறேன். என் பெயர் யசிந்தா. மெரிலேண்ட்ஸில், என் வீட்டு முன்னறையில், ஒபரா என்ற மேற்கத்திய இசைநாடகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்து அதன் வகையைச் சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் அது இளைப்பாறுகிறது, எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று கேட்க வேண்டும். ஆண்குரலில் உயர்ந்தது டெனர். காதலன் வேடங்கள் அதற்கு. அதற்குக் கீழே பாரிடோன். தகப்பன், மந்திரி, வஞ்சகன். குரலுக்குப் பொருந்தாத வேடத்தைக் கொடுத்தால் தொண்டை கெட்டுவிடும். நான் இதில் மிகவும் கவனமானவள்.

சுஜீதன் அகதியாகப் படகில் வந்த பிள்ளை. தற்காலிக விசாவில், குளிர்களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றுகிற வேலை. எங்கள் தேவாலயப் பங்கின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் அவன் பாடியதைக் கேட்டதும், "இவன் நல்ல பாரிடோன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பங்குத் தந்தையே கைதட்டினார். அவனை மாணவனாக எடுத்துக்கொண்டேன்.

சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது, அவன் டெனர் என்று. ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னதை மாற்றுகிற ஆசிரியரிடம் யார் பிள்ளைகளை அனுப்புவார்கள்?

"அன்ரி, மேல போகேக்கதான் எனக்குச் சுகமா இருக்கு. கீழ பாடினாக் கழுத்து நோகுது."

"நோகும். பழகினாச் சரிவரும்."

மூன்று வருடம் அந்தக் குரலைக் கீழே அழுத்திப் பழக்கினேன். சில நாட்களில் எச்சிலில் இரத்தம் இருந்தது. தேன் கொடுத்து அனுப்பினேன். நான் இரக்கமில்லாதவள் அல்ல.

பிறகு, என்னிடம் சொல்லாமல் மெல்பேர்னுக்குப் போய், ஒரு ஒபராக் குழுவின் தேர்வில் பாடியிருக்கிறான். திரும்பி வந்தவன் கேக் பெட்டியோடு என் வாசலில் நின்றான்.

"அன்ரி, என்னை எடுத்திட்டினம். காதலன் வேஷம். நான் டெனராம்."

"ஆர் சொன்னது?"

"அங்க எல்லாரும்தான். ஆர் உன்னைப் பாரிடோன் எண்டது எண்டு கேட்டவை. உங்கட பேரைச் சொன்னன். சிரிச்சவை. எனக்குக் கோவம் வந்திட்டுது. அன்ரி இல்லாட்டி நான் இதில நிண்டு பாடியிருக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை.

வழக்கம்போல மூச்சுப் பயிற்சியில் தொடங்குவோம் என்றேன். அதற்குத் தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து, கண்ணை மூட வேண்டும். படுத்தான். புத்தகம் ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் மண்டியிட்டேன். பியானோவின் காலைப் பிடித்துக்கொண்டு, என் முழங்காலை அவன் தொண்டையில் வைத்து முழுப் பாரத்தையும் இறக்கினேன். நான் மெலிந்தவள் அல்ல. உள்ளே ஏதோ நொறுங்கியது. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறிய சத்தம்தான்.

பெட்டி ஏற்றுகிற கைகள் அவை. நினைத்திருந்தால் என்னைத் தூக்கி எறிந்திருப்பான். ஆனால் முதலில் என் தோளைத் தாங்கிப் பிடித்தான். எனக்கு மயக்கம் வந்து அவன்மேல் விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கீறினான். என் உதட்டிலுள்ள தழும்பு அதுதான். அவன் வாயால் இரத்தம் வந்தது. அவன் கால்கள் உதைப்பதை விட்டதும் எழுந்து, கையைக் கழுவி, அம்புலன்சை அழைத்தேன். அழைத்தவள் நான்தான் என்பதையும் வாக்குமூலத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

கொல்ல நினைக்கவில்லை. தெரியாமல் நடந்ததும் இல்லை. அந்தத் தொண்டையை உடைக்கத்தான் முழங்காலை வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் பேசிய பதிவை நேற்றுப் போட்டுக் காட்டினீர்கள். "அன்ரிக்கு நான் என்ன செய்தனான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். கரகரப்பு இருக்கிறது, இடையில் காற்றும் கசிகிறது. ஆனால் கவனமாகக் கேளுங்கள்: குரல் கீழே இறங்கி, அங்கேயே நிற்கிறது. மெல்பேர்னில் சிரித்தவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நான் சொன்னது சரி. அவன் பாரிடோன்தான்.