ஹிப்போ பஸ் ஏறுது

அம்மா: எங்க எழுந்திருக்கறீங்க? தேய்க்க இன்னும் பத்து சட்டை கிடக்கு.

அப்பா: உள்ள போய் பாப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு...

அம்மா: அந்த ஒரு கேள்விதான் வேண்டாங்கறேன். 'இதுக்கு என்ன அர்த்தம்'... அதானே?

அப்பா: பின்ன? இங்கிலீஷ் புத்தகத்தை வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறா. புரிஞ்சுதான் சிரிக்கறாளா?

அம்மா: போன மாசம் வரிக்கு வரி அர்த்தம் எழுத வச்சீங்களே, என்னாச்சு?

அப்பா: ...நாலு வார்த்தை கத்துக்கிட்டா.

அம்மா: நாலு வார்த்தை கத்துக்கிட்டு புத்தகத்தை மூலையில போட்டா. இங்கிலீஷ் வகுப்புன்னாலே வயித்து வலி. இப்பதான் பள்ளிக்கூட லைப்ரரியிலேர்ந்து அவளாவே ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கா. கெடுத்துடாதீங்க.

அப்பா: எனக்கென்ன, அவளைப் படுத்தணும்னு ஆசையா? நம்ம இஸ்திரிக் கடைக்கு வர்றவங்க இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொன்னா, நான் பேந்தப் பேந்த முழிக்கறேன். அவளும் அப்படி நிக்கக் கூடாதுன்னுதான்...

அம்மா: தெரியும்ங்க. ...கையை மட்டும் ஓட்டுங்க. காது சும்மாதானே இருக்கு, உள்ள அவ சத்தமா படிக்கறதைக் கேளுங்க.

அப்பா: ஹிப்போ, ஹிப்போங்கறாளே... அதுதான் என்னன்னு பிடிபடல.

அம்மா: குண்டா ஏதோ ஒண்ணு.

அப்பா: உனக்கெப்படித் தெரியும்?

அம்மா: அந்தப் பேர் வந்தாலே குரலை அடிவயித்துலேர்ந்து எடுக்கறாளே!

அப்பா: பஸ்ல ஏறிடுச்சு போல...

அம்மா: ஏறி யார் காலையோ மிதிச்சிருச்சு. 'ஸாரி, ஸாரி'ங்குது.

அப்பா: ஸ்ஸ்... இரு. உக்கார எடம் கேக்குது. யாரும் தர மாட்டேங்கறாங்க. நோ, நோ, நோ... கேட்டியா?

அம்மா: ஐயோ பாவம்.

அப்பா: இப்ப யாரோ கீச்சுக் குரல்ல 'கம், கம்'னு கூப்பிடுது! எலியா இருக்குமோ?

அம்மா: எலி பக்கத்துல அது போய் உக்காந்தா, எலி என்னத்துக்கு ஆகும்!

அப்பா: ஹஹ்ஹா... சிரிக்காதே, அவளுக்குக் கேக்கும்...

அம்மா: சிரிக்கறது நீங்க!

மகள்: அப்பா! ஏதோ தீயுது!

அம்மா: ஐயையோ, பெட்டியை எடுங்க! எடுங்க!

அப்பா: ...போச்சு. டாக்டரம்மா வீட்டுச் சட்டை.

அம்மா: காட்டுங்க... கீழ் ஓரம்தான். பேன்ட்டுக்குள்ள போயிடும். நானே போய் விஷயத்தைச் சொல்லிட்டு வர்றேன்.

மகள்: நான் சத்தமா படிச்சதாலயாப்பா?

அப்பா: சேச்சே. அப்பாதான் பராக்குப் பாத்துட்டேன், குட்டி.

மகள்: அர்த்தம் கேப்பீங்களா...?

அப்பா: இனிமே கேக்கவே மாட்டேன். ...அந்த எலி தப்பிச்சுதா, அதை மட்டும் சொல்லேன்.

மகள்: எலி இல்லப்பா, கோழிக்குஞ்சு! ஹிப்போன்னா நீர்யானை!

அம்மா: அடி கள்ளி, அப்ப எல்லாம் புரியுதா உனக்கு?

மகள்: பாதி புரியாதும்மா. படத்தைப் பாத்துக்கிட்டே போயிடுவேன். முழுக்க முடிச்சு ரெண்டு நாளாச்சு.

அம்மா: முடிச்சாச்சா? அப்புறம் எதுக்கு இன்னிக்கு ஊருக்கே கேக்கற மாதிரி படிச்சே?

மகள்: நேத்து திரும்ப முதல் ரெண்டு பக்கம் படிச்சப்ப, அப்பா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு கேட்டு, தனியா சிரிச்சுக்கிட்டிருந்தாரும்மா... உனக்கும் கேக்கட்டும்னுதான்!