டிக்கெட் வாங்கி நட்ட நாற்று

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோழவரத்தில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவன் முழங்கால் வரை காய்ந்த சேறு.

"பண்ணைக்கு நொழைவு டிக்கெட்டு வாங்கினு போய் நாத்து நட்ட ஆளு நீ ஒருத்தன்தான்யா," என்றாள் அவள்.

"பண்ணைய சுத்திப் பாக்கலாம்னு நீதானே கூப்ட."

"கொய்யா பறிக்கலாம்னு கூப்ட்டேன். சேத்துல எறங்க சொன்னேனா? நடவுக்கு ஆள் கெடைக்கலன்னு உங்கப்பா ஒரு வாரமா போன் பண்ணிக்கினு கீறாரு. ஞாயித்துக்கெழமயும் கம்பெனில டூட்டின்னு அவராண்ட சொல்லிட்டு, இங்க வந்து நட்டுக்கினு கீற."

"நம்ம கழனில நட்டா யாரு போட்டோ எடுப்பா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எடுத்ததோட உட்டியா? ஸ்டேட்டஸ்ல வேற வச்சிருக்க. உங்கப்பா அத பாக்க மாட்டாரா?"

அவன் அவசரமாகப் போனை எடுத்தான். அப்பாவின் குரல் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. காதருகே கொண்டுபோவதற்குள் அது பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி பேசத் தொடங்கிவிட்டது.

"நைனா, போட்டோ பாத்தேன். நாத்து புடிக்கிறதயே மறந்துட்டியே. நாளைக்கும் ஆள் கெடைக்கல. டூட்டி முடிச்சிட்டு நம்ம கழனிக்கு வா. போட்டோ உங்கம்மா எடுப்பா."