அந்நியச் சரக்கு எரிப்பு விழா

கழுத்தில் லேபிள் இருந்தால் எனக்கு அரிக்கும். புது பனியன் எடுத்தால் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுவேன். திருப்பூரில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. சிலர் போட்டுக்கொள்ளப் பிரிப்பார்கள், சிலர் விற்கப் பிரிப்பார்கள். நான் இரண்டுக்கும் பிரிப்பேன்.

பெயர் தீனதயாளன். உள்நாட்டுப் பனியன் காப்புப் பேரவையின் தலைவர். போஸ்டர்களில் 'பனியன் காவலர்' என்று போடுவார்கள். நான் போடச் சொன்னதில்லை. போடாதே என்றும் சொன்னதில்லை.

பங்களாதேஷ் துணி நம் ஊர்த் தொழிலைக் கெடுக்கிறது என்று உண்ணாவிரதம் இருந்தோம், காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில். போன வருஷம் அந்தச் சரக்கு தரைவழியாக வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் சரவெடி வெடித்தோம். மேடையில் நான் பேசினேன்: "வெள்ளைக்காரன் காலத்துல அவங்களும் நாமளும் ஒரே கொடிக்குக் கீழ கெடந்தோம். அவன் மில்லுத் துணியை ரெண்டு பேர் தலையிலயும் கட்டினான். இன்னிக்கு அவங்க நம்ம தலையில கட்டறாங்க." நல்ல கைதட்டல்.

அன்றைக்குப் பல்லடம் ரோட்டில் இருக்கும் என் குடோனில் மூன்று லாரி பங்களாதேஷ் சரக்கு இருந்தது. எல்லாம் தடைக்கு முன்னால் வந்தது. அந்த ஊர் லேபிளைப் பிரித்துவிட்டு நம் ஊர் லேபிளைத் தைத்து விற்றுக்கொண்டிருந்தேன். பிரித்த லேபிள்கள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. துணிக்காரன் எதையும் சுலபத்தில் தூக்கி எறியமாட்டான்.

பேரவையின் பொருளாளர் ராஜா முகமது. காதர்பேட்டையில் மொத்தக் கடை. முப்பது வருஷப் பழக்கம். அவரும் பங்களாதேஷ் சரக்கு விற்றார், லேபிளோடு. "அது அந்த ஊரு சரக்குங்க. வெலை கம்மி. வேணும்னா எடுங்க, வேண்டாட்டி நம்மூரு சரக்கு இந்தப் பக்கம் இருக்குதுங்க" என்பார். தடை வந்ததும் அவ்வளவையும் நிறுத்திவிட்டார். அளவுக்கு மீறிய நேர்மை பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சங்கடம். அவரிடம் இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

தடை வந்தது போதாது, அதை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எரிப்பு விழா வைத்தோம். ஆளுக்கு ஒரு மூட்டை அந்நியச் சரக்கு கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம். ஒருவரும் கொண்டுவரவில்லை. எல்லோருடைய அந்நியச் சரக்கும் அதற்குள் உள்ளூர்ச் சரக்காகி விலை ஏறியிருந்தது. என்னுடையதும்தான். எனவே ஓட்டை விழுந்த, சாயம் திட்டான நம் ஊர்ப் பனியன்களை வாங்கிவந்து, பிரித்து வைத்திருந்த பங்களாதேஷ் லேபிள்களை அவற்றில் தைக்கச் சொன்னேன்.

லேபிள் தைக்கும் முத்துப்பேச்சி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது. "பிரிச்சதத் திரும்பத் தைக்கச் சொல்லுதீயளே மொதலாளி! இதுக்கு அந்த ஊருக்காரனயே வேலைக்கு வச்சிருக்கலாமில்லா?" என்றாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொழிலாளிகளிடம் நான் கடுமையாக நடந்ததில்லை.

விழா அன்று மத்தியானம் பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ராஜா முகமது குடோனுக்கு வந்தார். முதல் நாள் பேரவைப் பையன்கள் அவர் மகன் தௌபிக்கைக் கடை வாசலில் வைத்து அடித்திருந்தார்கள். முன்பல் ஒன்று போயிருந்தது.

"எம் பையனைப் பங்களாதேஷ்காரன்னு அடிச்சிருக்கானுங்க, தலைவரே. தாராபுரத்துக் குடும்பமுங்க நாங்க. உங்க வாயில வந்த பேச்சுதானுங்க அது."

"பசங்க வேகமுங்க. பேசிக்கலாம் விடுங்க."

அதற்குள் அவர் சாக்கைப் பார்த்துவிட்டார். ஒரு பிடி லேபிளை அள்ளினார். பக்கத்தில் தைத்து முடித்த மூட்டையையும் பார்த்தார். சிரித்தார் ஐயா. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அடடா, காவலரே! விக்கறது அவன் சரக்கு, எரிக்கறது நம்ம சரக்குங்களா? இந்தச் சாக்கை அப்படியே உங்க மேடையில கொட்டறேன் பாருங்க. எம் மகனை அடிச்சவனுக எல்லாம் பாக்கட்டும்."

அடுத்த வாரம் டெல்லிக்குப் போகிற வணிகக் குழுவுக்கு நான்தான் தலைவர். அமைச்சரிடம் பேச வேண்டியவன். அவர் சாக்கைத் தோளில் போட்டுத் திரும்பினார். வெட்டும் மேசையில் துணி நகராமலிருக்க இரும்புக் கட்டி வைப்போம். அதை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். முதல் அடிக்கு என் பெயரைச் சொன்னார். மூன்றாவது அடிக்கு எதுவும் சொல்லவில்லை. காதிலிருந்து ரத்தம் வந்தது. ஓட்டைப் பனியன் எடுத்துத் தரையைத் துடைத்தேன். பருத்தி நன்றாக உறிஞ்சும்.

அவரை மடக்கி மூட்டைக்குள் வைத்தேன். முழங்கால் மடங்கவில்லை, கட்டியால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. சுற்றிலும் பனியன்களைத் திணித்து, கோணி ஊசியால் வாயைத் தைத்தேன். அவர்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மூட்டைகளை லாரியில் ஏற்ற வந்த அழகுமலை, "என்னுங்க இந்தக் கனம் கனக்குது, ஈரச் சரக்குங்களா?" என்றான்.

"ஆமா, சாயப்பட்டறையிலிருந்து வந்துது."

"அப்ப அடியில போடோணுமுங்க. மேல காஞ்சது கெடந்தாத்தான் பத்தும்."

அவன் யோசனைதான் அது. நான் தலையாட்டினேன், அவ்வளவே.

சாயங்காலம் நல்ல கூட்டம். சிறப்பு விருந்தினர் கை சுடாமலிருக்க வெளிநாட்டுக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பந்தம் பிடித்துக் கொளுத்தினார். குவியல் பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் அடி மூட்டை அசைந்தது. குவியல் சரிகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு ஒரு சத்தம் வந்தது. நான் மைக்கை வாங்கி, "அந்நியச் சரக்கு ஒழிக!" என்றேன். ஆயிரம் பேர் திருப்பிச் சொன்னார்கள். சத்தம் நிற்கும்வரை சொல்லவைத்தேன்.

அப்போது தௌபிக் மேடைக்குப் பக்கத்தில் வந்தான். உதடு வீங்கியிருந்தது. "மாமா, அத்தா உங்களைப் பாக்கத்தான் வந்தாருங்க. பாத்தீங்களா?" என்றான்.

"கூட்டம் முடியட்டும் கண்ணு, தேடலாம்" என்றேன். நெருப்பு முகத்தில் அடித்தது. அவனைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன். சொந்த மகனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் சாம்பல் அள்ளியவர்கள் கண்டெடுத்ததை நீங்களே பார்த்தீர்கள். மூட்டை எந்தக் குடோனிலிருந்து வந்தது என்று அழகுமலையும் சொல்லிவிட்டான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ராஜா முகமதுவைக் கொன்றது நான். மூட்டையைத் தைக்கும்போது அவருக்கு மூச்சு இருந்ததும் எனக்குத் தெரியும். துணி ஏறி இறங்கியது. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எரித்தது நம் ஊர்ப் பனியன் என்பதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. வெளியே தெரிந்தால் திருப்பூரை ஒருத்தனும் மதிக்கமாட்டான்.